அரைப்பேர்க் காற்று

நானும் அம்மாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை, அடுக்களை அலமாரிக்குத் தாள் மாற்றியது. 2025 ஜனவரி, போகிக்கு முந்தின நாள். போர்ட் பிளேர் டாலிகஞ்சில் இருக்கும் வீட்டுக்குச் சென்னையிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்திருந்தேன்.

அலமாரித் தட்டுகளில் அம்மா பழைய கேலண்டர் தாளைத்தான் விரிப்பாள். மளிகைக் கடையில் வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் பெரிய மாதக் கேலண்டர். அச்சடித்த பக்கம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே. அடுத்த வருடம் பழையதை எடுக்க மாட்டாள். அதன் மேலேயே அடுத்ததை விரித்துவிடுவாள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு விரல் கனத்துக்குத் தாள் சேர்ந்திருந்தது. மேல்தட்டில் இருந்ததை மொத்தமாக உருவி எடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள் கறை, கரப்பான் முட்டை.

"அத ஏண்டி வீசுற? கெடக்கட்டும்."

"கரப்பான் பண்ணை வச்சிருக்கம்மா நீ."

"ஒன் ஆபீசுல நீ ஆபீசரா இரு. இங்க நாந்தான் தொரை. வையி கீழ."

"தொரை சாப், குப்பை வண்டி வந்தாச்சு."

வண்டி உண்மையிலேயே வந்திருந்தது. கட்டைக் கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி வந்தபோது, மிச்ச இரண்டு தட்டுகளுக்கும் முன்னால் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றாள். இருவரும் சிரித்தோம். அந்தத் தட்டுகளை அவள் விருப்பப்படியே விட்டேன்.

நான் வீசியது 2013, 2014. அந்தத் தாள்களில் என்ன இருந்தது என்பதை எல்லாம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

அவள் பெயர் அழகம்மா. அவள் வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து பிறகு வந்த கடிதத்தில் அந்தப் பெயர் தப்பாக இருக்கிறது. போர்ட் பிளேருக்கு வைத்த புதுப் பெயரை மட்டும் எழுத்துப் பிசகாமல் போட்டிருந்தார்கள்.

1962இல் இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தாள். பதின்மூன்று வயதில், இரண்டு நாடுகள் செய்த ஒப்பந்தப்படி, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டாள். சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. மண்டபம் முகாம், பிறகு கப்பல், பிறகு நிக்கோபாரில் கச்சால் தீவு. அங்கே ரப்பர் தோட்டம். இருபத்தொன்பது வருடம் பால் வெட்டினாள்.

தோட்டத்திலிருந்து இரண்டு பழக்கங்களைக் கொண்டுவந்தாள். இந்தக் கதை அந்த இரண்டில் நடக்கிறது.

ஒன்று: காலி வாளியோடு பெரட்டுக்களத்துக்குத் திரும்பக் கூடாது. பெரட்டுக்களம் என்றால் காலையில் ஆட்களைக் கூப்பிட்டு எண்ணும் இடம். மாலையில் பால் அளப்பதும் அங்கேதான். மழை பெய்து பால் கெட்டிருந்தால்கூட, கெட்ட பாலைக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். காலி வாளி என்றால் நீ காட்டுக்கே போகவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று: கணக்கப்பிள்ளை எழுதுவதை நம்பாமல், தன் வேலை நாளைத் தானே குறித்து வைப்பது. முழு வேலைக்குத் தோட்டத்தில் ஒரு பேர் என்பார்கள். குறைவாக வந்தால் அரைப்பேர். முழுப்பேருக்குக் கோடு, அரைப்பேருக்கு வட்டம். லயத்துச் சுவரில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் சுவரில், கரியால் போட்டதை, கேலண்டர் வந்த பிறகு அதில் பென்சிலால் போட்டாள்.

2004 டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கடற்கரையில் இருந்தார். நானும் அம்மாவும் மேட்டில் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

எங்களைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து தகரக் கொட்டகையில் வைத்தார்கள். இரண்டு வருடம் என்றார்கள். ஐந்தரை வருடம் இருந்தோம்.

2010 ஜூனில் அம்மாவுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான வண்டூரில் வேலை கிடைத்தது. மெயின்லேண்டில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம். பெயர் எழுத எனக்கு விருப்பமில்லை. வங்கக் கடலின் நடுவில் சுத்தமான காற்று எப்படி இருக்கிறது என்று வாராவாரம் அளக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். வண்டூர்க் கரையில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒரு குழாய் இறக்கியிருந்தார்கள். அடியில் பெட்டிக்குள் ஒரு சின்ன பம்பும், இரண்டு பக்கமும் திருகு வைத்த கண்ணாடிக் குப்பியும். புதன்கிழமை மதியம் போய், பத்து நிமிடம் பம்பை ஓடவிட்டுக் குப்பியின் பழைய காற்றை வெளியேற்றி, புதுக் காற்றை நிரப்பித் திருகை மூட வேண்டும். மூடும்போது மூச்சை அடக்க வேண்டும். நாம் விடும் மூச்சில் வெளிக்காற்றைப் போல நூறு மடங்கு கரியமில வாயு இருக்கிறது. பக்கத்தில் ஒருமுறை மூச்சு விட்டால் போதும், அந்தக் குப்பி கெட்டது.

அம்மா பதினாலரை வருடம் புதன்கிழமைதோறும் அங்கே மூச்சை அடக்கினாள். எண்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை தினக்கூலி ஒப்பந்தம் முடிந்து புதுப்பிப்பார்கள். இடையில் விழும் நாளில் அவள் நிறுவனத்தின் ஆள் இல்லை. அந்த நாள் புதன்கிழமையாக இருந்தாலும் போனாள்.

நிபந்தனை ஒன்று இருந்தது. கடலிலிருந்து வீசும் காற்றை மட்டும் பிடிக்க வேண்டும். நிலத்திலிருந்து வீசினால் அதில் ஊரின் புகை இருக்கும், டீசல் இருக்கும், சதுப்பின் வாயு இருக்கும். அன்றைக்குப் பிடிக்காமல் காலிக் குப்பியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நிறுவனத்தின் உள்ளூர் உதவியாளர் விஜயன் இதை அம்மாவுக்குத் தமிழில், இந்தியில், கையை ஆட்டி, எல்லா விதத்திலும் சொன்னார். அம்மாவுக்குப் புரிந்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவளுக்கு மூக்கே சொல்லும்.

ஆனால் காலிக் குப்பி. அதை மட்டும் அவளால் செய்ய முடியவில்லை. நிலக்காற்று வீசிய நாளிலும் குப்பியை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"இது அரைப்பேரு. எழுதிக்க," என்பாள்.

எழுதியது நான். அவளுடன் படிவமும் வரும். ஆங்கிலப் படிவம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு வாரத்துக்கு மொத்தமாக உட்கார்ந்து நிரப்புவேன். தேதி, நேரம், குப்பி எண், காற்றின் திசை. எனக்கு அப்போது பதினாறு வயது. கணக்கில் நூற்றுக்கு நூறு. நான் யோசித்தது இப்படி: கடல்காற்றில் மட்டும்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி. குப்பி நிரம்பியிருக்கிறது. ஆகவே வீசியது கடல்காற்று. வண்டூரில் கடல் இருப்பது தென்மேற்கே. திசைக் கட்டம் எல்லாவற்றிலும் தென்மேற்கு என்று எழுதினேன்.

"அரைப்பேருன்னு எழுதுனியா?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"ஒரு ஓரத்துல எழுது."

"ஓரத்துல எல்லாம் எழுதக் கூடாது. சயின்ஸ் படிவம்மா இது, பெரட்டுப் புத்தகம் இல்ல."

கட்டம் இருந்தது. கடைசிக் கட்டம், ‘குறிப்பு’. இரண்டு விரல் அகலம். ஒவ்வொரு வரியிலும் அதில் ஒரு சின்னக் கோடு இழுத்து வைத்தேன். ஐந்து வருடம். 2015இல் படிப்பை முடித்துக்கொண்டு சென்னைக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூட வேலைக்குப் போனேன். அதன் பிறகு விஜயன் எழுதினார், என்னுடைய பழைய படிவத்தைப் பார்த்து. வாடைக்காற்று வீசும் ஜனவரியில் தென்மேற்கு. வண்டூரில் எந்த மீன்காரரிடம் சொன்னாலும் சிரிப்பார்.

கல்லூரியில் ‘தங்கும் காலம்’ என்ற பாடம் வந்தது. ஒரு தொட்டியில் இருக்கும் தண்ணீரை, ஒரு நாளில் அதற்குள் வந்து வெளியேறும் தண்ணீரால் வகுத்தால், ஒரு சொட்டு அதில் சராசரியாக எத்தனை நாள் தங்கும் என்று தெரியும். காற்று மண்டலமும் ஒரு தொட்டி. கடலும் ஒரு தொட்டி. வண்டூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்கு இதைச் சொன்னேன். குப்பிப் பெட்டி அவள் மடியில் இருந்தது. பக்கத்தில் யாராவது இருமினால் பெட்டியை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். திருகு மூடிய குப்பிக்குள் எதுவும் போகாது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"மேல போன தண்ணி, ஆவியா எம்புட்டு நாளு நிக்கும்?"

"ஒம்பது நாளு. பத்து நாளு. அப்புறம் மழையா எறங்கிரும்."

"அம்புட்டுதானா? கடல்ல?"

"சராசரி மூவாயிரம் வருசம்."

ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அன்னைக்கு வந்துச்சே தண்ணி, அது இன்னும் இங்கதான் கெடக்கு."

"சராசரிதாம்மா. ஒவ்வொரு சொட்டும் அப்படின்னு இல்ல."

"சொட்டு கெடக்கட்டும். கூட்டம் இங்கதான நிக்கிது?" ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். "நல்லது. ஓடிப் போகலேல்ல. எனக்கு அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டியிருக்கு."

மீத்தேனுக்கு ஏறத்தாழ ஒன்பது வருடம் என்றேன். ஆக்சிஜனுக்கு ஆயிரக்கணக்கில். கரியமில வாயுவுக்கு ஒற்றை எண் கிடையாது என்றபோது கோபித்துக்கொண்டாள்.

"அது என்னா, அதுக்கு மட்டும் கிடையாது? நான் வாராவாரம் புடிச்சுக் குடுக்குறேன், கிடையாதுங்கிற?"

விளக்கினேன். ஒரு துகள் சில வருடத்தில் கடலுக்குள்ளோ இலைக்குள்ளோ போய்விடும். ஆனால் கடலும் இலையும் வேறொன்றை வெளியே அனுப்பிவிடும். ஆகவே நாம் எரித்துக் கூட்டிய அளவு அவ்வளவு சீக்கிரம் குறையாது. அதில் பெரும்பங்கு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். ஒரு பங்கு பல்லாயிரம் வருடம் நிற்கும். பாடப்புத்தகத்தில் இது இரண்டு பக்கம். எனக்கே மூன்றாம் முறை படித்தபோதுதான் பிடிபட்டது.

"ஆளு மாறுறான், லயம் காலியாகல. அதான?"

"அதேதாம்மா."

"இதுக்குத்தான் காலேஜு கட்டி வச்சிருக்கானுகளா?"

ஒன்பது வருடம் தங்கும் ஒன்றைப் புரிந்துகொள்ள, ஒன்பது வருடத்துக்கு மேல் அளந்துகொண்டே இருக்க வேண்டும். இதில் சூட்சுமம் ஒன்றுமில்லை. மூன்று வருடத் திட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நிறுவனத்தில் விஞ்ஞானிகள் மாறினார்கள், இயக்குநர்கள் மாறினார்கள், திட்டத்தின் பெயர் நான்கு முறை மாறியது. வண்டூரில் திருகை மூடிய கை மாறவில்லை. அந்தப் பதினாலரை வருடத் தொடரின் மதிப்பு அதில்தான் இருந்தது. அறிக்கைகளில் நன்றி சொன்ன பட்டியல்களைத் தேடிப் பார்த்தேன். பம்பு செய்து கொடுத்த கடையின் பெயர்கூட இருக்கிறது.

2024 டிசம்பரோடு திட்டத்தை நிறுத்தினார்கள். வேலையிலிருந்து நிறுத்தப்படுவது அம்மாவுக்குப் பழகியதுதான்.

நான் விடுப்பு முடிந்து சென்னை திரும்பிய இரண்டாம் வாரத்தில் கடிதம் வந்தது. விஜயன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"அக்கா, சாப் ஆர்டர் போட்டுட்டாரு. பூரா டேட்டாவும் கதம்."

"அதான் டிசம்பர்லயே நிறுத்தியாச்சே?"

"நிறுத்துறது வேற. இது அழிக்கிறது. பதினாலு வருசமும் நஹி சலேகா, செல்லாதுன்னு எழுதியிருக்கான். நாம பொய்யா எழுதுனோமாம்."

"நாம எங்க பொய் எழுதுனோம்?"

"காத்து எப்பவும் தென்மேற்காவே இருக்காம். விமான நிலையத்துக் காத்துக் கணக்கோட ஒட்டலையாம்."

கடிதத்தை விஜயன் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். நான்கு பத்தி. வண்டூர் தொடரில் காற்றின் திசை கற்பனையாக நிரப்பப்பட்டிருக்கிறது. நிலத்தின் கலப்புள்ள மாதிரிகளைப் பிரித்தறிய வழியில்லை. ஆகவே முழுத் தொடரும் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். களப் பணியாளரின் நேர்மையின்மை வருந்தத்தக்கது. கையெழுத்து: தேவேந்திரன், முதுநிலை விஞ்ஞானி. எதிர்ப்பு இருந்தால் ஏப்ரல் முப்பதுக்குள் தெரிவிக்கலாம்.

நேர்மையின்மை. அந்தச் சொல்லை நான் நாற்பது முறை படித்திருப்பேன்.

அன்று மாலை அம்மா போன் செய்தாள்.

"அகிலா, காத்து எதுன்னு கேலண்டர்ல இருக்குடி. கோடும் வட்டமும். எல்லாப் புதன்கெழமையும் போட்டிருக்கேன்."

நான் அப்போது ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். முன்னால் இருபது மாதிரிகள். தென்மேற்கு என்று எழுதிய கை என்னுடையது என்பது கடிதத்தைப் படித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இருக்க வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"கேலண்டர எல்லாம் டேட்டான்னு குடுக்க முடியாதும்மா. சிரிப்பாங்க."

"சிரிச்சா என்னா? பாத்துட்டுச் சிரிக்கட்டும்."

"விடும்மா. திட்டமே முடிஞ்சு போச்சு. இனி யாருக்கு என்ன?"

"எம் பேருல பொய்யின்னு எழுதி வச்சிருக்கானே?"

"அப்புறம் பேசுறேன்."

அப்புறம் பேசினேன். சாப்பாட்டைப் பற்றி, கால்வலியைப் பற்றி, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பற்றி. அவளும் கேலண்டரைப் பற்றி மறுபடி எடுக்கவில்லை. என்னிடம் கேட்டு ஆகாது என்று முடிவு செய்துவிட்டாள்.

மார்ச் மாதம் இறந்தாள். காலையில், அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்த பிறகு. மாரடைப்பு என்றார்கள். கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு ஒச்சம்மா. தண்ணீர் வரும் நாள் அது. வாசலில் அம்மாவின் குடங்கள் இல்லை. இருவருக்கும் எட்டு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. தெருக்குழாயில் யார் குடம் முன்னால் என்ற சண்டை. குடம் இல்லாததைப் பார்த்துவிட்டு ஒச்சம்மா கதவைத் தட்டியிருக்கிறார். கதவை உடைத்ததும் அவர்தான்.

எரித்தோம். அந்தக் கரியமில வாயுவுக்கு ஒற்றை எண் கிடையாது. மேலேயே சொல்லிவிட்டேன்.

அவளுடைய கடைசி மூச்சில் வந்த நீராவி, பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே எங்கேயோ மழையாக இறங்கியிருக்கும். வந்தவர்கள் ஆன்மா, காற்று, ஆகாயம் என்று என்னென்னவோ சொன்னார்கள். ஒருவர் அம்மா காற்றோடு கலந்துவிட்டாள் என்றார். எத்தனை நாளைக்கு என்று அவரைக் கேட்டேன். அதன் பிறகு யாரும் என்னிடம் வந்து ஆறுதல் சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு துணிப்பையைப் பார்த்தேன். உள்ளே கேலண்டர் தாள்கள். அலமாரியிலிருந்து, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து, மெத்தைக்குக் கீழிருந்து எடுத்தவை. ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்து, வருட வாரியாக அடுக்கி, கிழிந்த சேலைக் கரையால் கட்டியிருந்தாள். அபர்டீன் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் காகித உறையும் இருந்தது. விஜயனைக் கேட்டேன்.

"அக்கா பிப்ரவரியில கடைக்குப் போச்சு. நான்தான் கடையக் காட்டுனேன். தாளு ரொம்பப் பெருசு, மிஷின்ல அடங்காதுன்னுட்டான். மடிச்சுப் போடுன்னு சொல்லிச்சு. மடிச்சா நடுவுல கோடு விழும்னான். கோடு விழுந்தா எங்கோடு எது, மடிப்புக் கோடு எதுன்னு தெரியாமப் போயிரும்னு திருப்பி எடுத்துட்டு வந்துருச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல நீங்க?"

"ஒங்ககிட்ட சொல்லாதேன்னுச்சு. பிள்ளை வேலையா இருக்கும்னுச்சு."

தாள்களைத் தரையில் விரித்தேன். கடிதத்தோடு வந்த அட்டவணையைப் பக்கத்தில் வைத்தேன். 2019ஐ எடுத்துக்கொண்டேன். ஐம்பத்திரண்டு புதன்கிழமை. பத்தொன்பது வட்டம், மிச்சம் கோடு. அந்த வருடம் சந்தேகத்துக்குரியவை என்று நிறுவனம் சிவப்பில் காட்டிய மாதிரிகள் பதினேழு. பதினேழும் வட்டத்துக்குள். கோடு போட்ட முப்பத்துமூன்றும் சேர்ந்து ஒரே ஒழுங்கில், பருவத்தோடு ஏறி இறங்கி, வருடத்துக்கு வருடம் மெல்ல மேலே போகும் அதே பாதையில் இருந்தன. உலகத்தில் வேறெந்தச் சுத்தமான கடற்கரையிலும் இருப்பதைப் போல. 2020, 2021, 2022, எல்லாம் அப்படித்தான். காற்று மானி வாங்கப் பணம் ஒதுக்காத ஒரு நிறுவனத்துக்கு அவள் மூக்கால் அளந்து கொடுத்திருக்கிறாள். வட்டம் போட்டவற்றை ஒதுக்கினால் போதும், தொடர் சுத்தம். வேறு எதையும் அழிக்க வேண்டியதில்லை.

பிறந்தது முதல் அந்தக் கோட்டையும் வட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல் துலக்கும்போது பார்த்திருக்கிறேன். அவை என்ன என்று ஒருநாளும் கேட்கவில்லை. தெரியும் என்று நினைத்திருந்தேன்.

தேவேந்திரனுக்குப் போன் செய்தேன். மரியாதையான குரல்.

"உங்க லாஸுக்கு வருத்தமா இருக்கு மேடம். ஆனா கேலண்டர்னா, அது அஃபிஷியல் ரெக்கார்டு இல்லையே."

"அதுல இருக்குற வட்டம் உங்க சிவப்பு லிஸ்டோட ஒத்துப் போகுது சார். எங்கம்மா அதப் போட்டப்ப உங்க லிஸ்ட்டே கிடையாது. அவங்க போட்டது அன்னன்னைக்கு."

"அப்படின்னா ஃபார்ம்ல ஏன் மாத்தி எழுதினாங்க? அதுதானே எங்க பிரச்சினையே."

"அவங்க எழுதல. நான் எழுதினேன்."

அவர் வாய் திறக்கும் முன்பே தொடர்ந்தேன்.

"அவங்க சரியாச் சொன்னாங்க. நான் எழுதல. நேர்மையின்மைன்னு போட்டிருக்கீங்களே, அந்த இடத்துல என் பேரப் போடுங்க. அகிலா. உங்களுக்கு ஸ்பெல்லிங் சொல்லட்டுமா?"

"மேடம், கோபப்படாதீங்க..."

"அதுக்கு நீங்க லெட்டர் போடுறதுக்கு முன்னால ஒருதடவை இங்க வந்து கேட்டிருக்கணும். பதினாலு வருசத்துல ஒருத்தர்கூட அவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டதில்ல. என்னையும் சேத்துத்தான்."

அவர் அந்தப் பக்கம் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு விதியைச் சொன்னார். ஒரு தொடர் பதிவேட்டில் நிற்க, குறைந்தது பத்து வருடம் இடைவெளி இல்லாமல், காற்றின் திசைக்கு அன்றன்று எடுத்த சான்றோடு இருக்க வேண்டும். பத்து வருடம் காட்டினால் குழுவின் முன் வைப்பார். ஒரு வருடம் குறைந்தாலும் வைக்க முடியாது. ஏப்ரல் முப்பது கடைசி. மீத்தேனின் தங்கும் காலத்தை வைத்துத்தான் அந்தப் பத்து என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். தெரியும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

துணிப்பையின் அடியில் பால் பவுடர் அட்டைப் பெட்டியைக் கிழித்து அம்மா எழுதிய பட்டியல் இருக்கிறது. நாலாம் வகுப்புக் கையெழுத்து. வருடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, தாள் கிடைத்த வருடத்தின் மேல் கோடு அடித்திருக்கிறாள். 2010, 2011, 2012 அடித்தாயிற்று. 2013, 2014க்கு நேரே, ‘குப்பை வண்டி’ என்று மட்டும். யார் போட்டது என்று எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

அந்த இரண்டும் இருந்திருந்தால் பதினாலரை வருடமும் சேர்ந்திருக்கும். இடையில் ஒரு வருடம் போனாலும் அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுத்துப் பிடித்து வாதாட ஏதாவது மிஞ்சியிருக்கும். இப்போது எல்லாம் கிடைத்தாலும் 2015 முதல் 2024 வரை, சரியாகப் பத்து. ஒன்றுகூட உபரி இல்லை.

2015 அடித்தாயிற்று. 2017 முதல் 2024 வரை அடித்தாயிற்று.

2016 அடிக்கப்படவில்லை. அந்த வருடத் தாள்கள் பன்னிரண்டையும், மறுவருடம் பள்ளி திறந்தபோது, ஒச்சம்மாவின் இரண்டு பெண்களுக்கும் புத்தக அட்டை போட அம்மாதான் கொடுத்தாள். குழாயடிச் சண்டை அதற்கு அடுத்த மாதம். பெண்கள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள். அந்தப் புத்தகங்கள் அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கலாம்.

பிப்ரவரியில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்தவளால், நான்கு எட்டு எடுத்து வைத்துப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட முடியவில்லை. ஒரு மாதம் அந்தப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒச்சம்மாவோ, குடம் காணோம் என்று கதவையே உடைத்தார். இரண்டு பேர் மீதும் எனக்குக் கோபம் வருகிறது. என் மீது வருவதைவிடக் குறைவாக.

இன்று ஏப்ரல் இருபத்தெட்டு, நானும் இன்னும் அந்தக் கதவைத் தட்டவில்லை. பட்டியலில் அந்த வரி இப்படி இருக்கிறது:

2016 – ஒச்சம்மா. போயி கேக்கணும்.